பூசணம் தின்ற மருந்து

ஈரம் கூடிய இடம் இது, டாக்டர். லுக்குட் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் ரெண்டு மழை பெய்தால் செருப்பில்கூடப் பூசணம் படர்ந்துவிடும். அலமாரிக்குப் பின்னால் பூசணம் பிடித்துக் கிடந்த புட்டிகளைப் பார்த்து நீங்கள் முகம் சுளித்தபோது, என் கவனக்குறைவு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரி நர்ஸ் மீனலோசனி மிஸ்ஸியை, என்னை, கவனக்குறைவானவள் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. அந்தப் பேரைக் கெடுத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

தோட்டத்து ஆபீசின் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி செல்வநாயகத்துக்காக வைத்திருந்த புட்டிகள் அவை. நீங்கள் வருவதற்கு முன்பே அவர் போய்விட்டார். சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பி அவருக்குச் செத்துப்போயிருந்தது. உள்ளங்கையும் ஈறும் கறுத்து, எழுந்து நின்றால் மயங்கி விழுவார். உப்பைக் கையில் கொட்டி நக்குவார். அந்தச் சுரப்பியின் ஹார்மோனை ஊசியில் ஏற்றினால் மறுநாளே ஆபீசுக்கு நடந்து போவார்.

சிங்கப்பூரிலிருந்து வந்த மருந்து தீரப்போகிற நேரம், ஜப்பான்காரர்கள் பழைய வெள்ளைக்கார டாக்டரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். போவதற்கு முன் அவர் எனக்குச் செய்முறை சொல்லிக்கொடுத்தார். போர்ட் டிக்சன் முகாமுக்கு வெட்டும் பன்றிகளின் சுரப்பியை வாங்கி, அரைத்து, ஸ்பிரிட்டில் ஊறவைத்து, வடித்து, ஸ்பிரிட்டை ஆவியாக ஓட்டிவிட்டு உப்புநீரில் கரைக்க வேண்டும். ஜப்பான்காரர்களே சுரப்பியைத் தடையில்லாமல் அனுப்பினார்கள். சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்துக் கொடுக்க அவர்களுக்குக் கிராணி வேண்டியிருந்தது.

புட்டியில் பூசணம் விழாமல் பார்த்துக்கொள் என்றும் டாக்டர் சொன்னார். விஷமாகிவிடும் என்று அல்ல. ஐரோப்பாவில் யாரோ ரொட்டிக்குப் போடும் ஈஸ்டை வைத்தே ஒரு ஹார்மோனை இன்னொன்றாக மாற்றிக் காட்டியதைப் பத்திரிகையில் வாசித்திருந்தார். இந்த நுண்ணுயிர்கள் ஹார்மோனை முழுதாகத் தின்பதில்லையாம். ஒரு மூலையில் கொஞ்சம் கூட்டும், இன்னொரு மூலையில் கொஞ்சம் குறைக்கும். சாவியின் ஒரு பல்லை அராவிவிட்டால் சாவி பார்க்க அப்படியேதான் இருக்கும், பூட்டுத்தான் திறக்காது.

அதைக் கண்ணால் பார்க்கவும் நேர்ந்தது. ஒரு புட்டியின் தக்கை தளர்ந்து, மேலே வெள்ளையாகப் பூத்துவிட்டது. பஞ்ச காலமாயிற்றே என்று வடிகட்டிக் கொதிக்கவைத்து ஏற்றினேன். ஊசி போட்ட இடம் சீழ் வைக்கவில்லை, காய்ச்சலும் இல்லை. கிராணி மட்டும் படுத்துவிட்டார். நல்ல புட்டியைத் திறந்ததும் எழுந்துகொண்டார். அப்போது நான் உண்மையாகவே பதறிப்போனேன்.

சயாமிலிருந்து தப்பி வந்த மணியம் என் புருஷன் செத்த கதையைச் சொன்னது அதற்குப் பிறகுதான். என் புருஷன் கனகசுந்தரம் ஆபீசில் சின்னக் கிராணி. ரேஷன் அரிசி விஷயத்தில் பெரிய கிராணியோடு முட்டிக்கொண்டவர். அடுத்த மாதமே அவரைச் சயாமுக்கு லாரியில் ஏற்றிவிட்டார்கள். யார் வேலை என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் புருஷன் ஒரேயடியாகச் சாகவில்லை என்றான் மணியம். சில நாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிப்பாராம், ஊருக்குப் போகலாம் என்பாராம், மறுபடி விழுவாராம். மழைக்காலம் முழுக்க அப்படியே கிடந்தாராம்.

அன்றைக்கு நான் ஒரு புட்டியின் தக்கையைத் திறந்துவைத்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

கிராணி சீக்கிரம் செத்துவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். பூசணம் தின்ற மருந்தைச் சில நாள் ஏற்றுவேன். வாந்தி எடுத்து, நாடி ஒடுங்கி, கண் செருகும் வரை பக்கத்திலேயே இருப்பேன். பிறகு நல்ல புட்டி. எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்பார். அவர் மனைவி பூரணம் என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். தன் பங்குச் சீனியைத் துணியில் முடிந்து கொண்டுவந்து கொடுப்பாள். நான் வாங்கிக்கொள்வேன். வேண்டாம் என்றால் வருத்தப்படுவாள்.

ஒருமுறை அவர் மிகவும் தளர்ந்திருந்தபோது, பூரணத்தை வெளியே அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, உங்கட மனுசன்ர பேரை நான் எழுதேல்லை. பால்வெட்டுற நல்லசாமியின்ர பேரைத்தான் எழுதினனான். அவன்ர பெண்சாதி அப்பதான் பிள்ளை பெத்திருந்தவள். அவனுக்குப் பதிலா நான் போறன் எண்டு கனகசுந்தரம் தானே வந்து நிண்டவர். உங்களிட்டைச் சொல்ல வேண்டாமெண்டும் கேட்டவர்."

நல்ல புட்டி மேசையில்தான் இருந்தது. எட்டி எடுக்கலாம். நான் யோசித்துப் பார்த்தேன், டாக்டர். அவர் சொல்வது நிஜமென்றால் அதுவரை நான் செய்தது பெரிய பாவம். நான் பாவம் செய்கிறவள் இல்லை. ஆகவே அவர் சொன்னது பொய்யாகத்தான் இருக்க வேண்டும். மற்றப் புட்டியை எடுத்து ஏற்றினேன். பிறகு நல்லதைத் திறக்கவே இல்லை. கடைசியில் உப்புக் கேட்டார். தீர்ந்துவிட்டது என்றேன்.

பூரணம் என் மடியில் விழுந்து அழுதாள். நான்தான் அவளைத் தேற்றினேன்.

போன வாரம் நல்லசாமி ஆஸ்பத்திரிக்கு வந்தான். அதே கதையைத்தான் அவனும் சொன்னான்.

"சின்னக் கிராணி ஐயா எனக்காகத்தான் போனாரு மிஸ்ஸி. நீங்க மனசு ஒடஞ்சு போவீங்கன்னு இத்தன நாளா சொல்லல. அவரு பேரத்தான் புள்ளைக்கு வச்சிருக்கேன்."

செத்துப்போன ஒருவரும் உயிரோடிருக்கும் ஒருவனும் எப்படித்தான் பேசிவைத்துக்கொண்டார்களோ, தெரியவில்லை. பொய்யைக் குழந்தைக்குப் பேராகவும் வைத்துவிட்டான். மனிதர்கள் இவ்வளவு கெட்டுப்போவார்கள் என்று நான் நினைக்கவில்லை.

அந்தக் குழந்தைக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். என் வார்டில்தான் கிடக்கிறது. அதற்கு மருந்தை நானே கலக்கிக் கொடுக்கிறேன், டாக்டர். வேறு யார் கையிலும் விட எனக்கு மனமில்லை.