மூன்றாவது பாட்டில்

குளோரியா டீச்சர் வீட்டு டீயில் இஞ்சி கொஞ்சம் தூக்கலாக இருக்கும். எனக்கு அது பிடிக்கும். நீங்கள் கேட்டது இதுவல்ல என்று தெரியும் சார், ஆனால் விஷயம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

என் பெயர் ரெமிஜியஸ். வயது ஐம்பத்திரண்டு. மருந்துக்கு மசியாத கிருமிகளைப் பற்றி ஒன்பது நாடுகளில் நடக்கும் ஆராய்ச்சியில், பெங்களூரில் நான்கு வருடம் களப்பணியாளனாக இருந்தேன். பேர்தான் பெரிது. செவ்வாய்தோறும் நோயாளிகளின் வீட்டுக்குப் போய்ச் சிறுநீர் பாட்டிலை வாங்கி, ஸ்டிக்கர் ஒட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து, படிவம் நிரப்பி, ஸ்கூட்டரில் ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மூத்திர பாட்டில்காரனிடம் யாரும் நின்று பேசுவதில்லை. என் ஒற்றை அறையிலும் பேச ஆளில்லை. குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

காக்ஸ் டவுனில் குளோரியா டீச்சர் ஒருத்தர்தான் என்னை நாற்காலியில் உட்காரவைத்தார். ரிட்டையரான டீச்சர், தனியாள். "வா ரெமி, இன்னிக்கு லேட்டு. டிராஃபிக்கா?" என்பார். நான் வரும் நாளென்று ரஸ்க் வாங்கி வைத்திருப்பார். சாப்பிட்டாயா என்று கேட்பார். அந்த இருபது நிமிஷத்தை நினைத்துத்தான் மற்ற ஆறு நாட்களையும் ஓட்டினேன்.

ஆராய்ச்சியில் ஒரு விதி உண்டு. தொடர்ந்து மூன்று வாரம் பாட்டிலில் கிருமி இல்லையென்றால் அந்த நோயாளியின் பெயரை எடுத்துவிடுவார்கள். பிறகு அந்த வீட்டுப் பக்கம் எங்களுக்கு வேலையில்லை. டீச்சருக்கு பிப்ரவரியில் முதல் வாரம் சுத்தம். இரண்டாவது வாரமும் சுத்தம். "அடுத்த வாரத்தோட உன் தொல்லை விட்டுது, ரெமி," என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாவது செவ்வாய் காலை, வழக்கம்போல, முதலில் நீலசந்திராவுக்குப் போனேன். அங்கே சௌம்யா. கார்மென்ட்ஸில் தையல் வேலை, இருபத்தேழு வயது. டீச்சருக்கு இருந்த அதே வகைக் கிருமி அவளுக்கும். தினம் ஊசி நடந்துகொண்டிருந்தது. வேலைக்கு ஓடும் அவசரத்தில் கதவைப் பாதி திறந்து பாட்டிலை நீட்டுவாள். ஒரு நாளும் உள்ளே கூப்பிட்டதில்லை. அதில் எனக்குக் கோபமெல்லாம் இல்லை. ஸ்டிக்கரை நோயாளியின் கண்முன்னால் ஒட்டவேண்டும் என்பது விதி. அவள் நிற்கமாட்டாள் என்பதால், அவளுடையதையும் டீச்சர் வீட்டு மேஜையில் வைத்துத்தான் ஒட்டுவேன். அன்றும் டீச்சர் டீ போட உள்ளே போனார். மேஜைமேல் இரண்டு பாட்டில், இரண்டு ஸ்டிக்கர். மாற்றி ஒட்டினேன்.

அடுத்த இரண்டு வாரமும் அப்படியே செய்தேன். ஒருவருக்குக் கிருமி உண்டு, ஒருவருக்கு இல்லை. அந்த எண்ணிக்கை மாறவேயில்லை சார். ஒன்பது நாட்டுக்காரர்களுக்கும் சரியான எண்தான் போய்ச்சேர்ந்தது.

டீச்சருக்குக் கிருமி திரும்பிவிட்டதென்று டாக்டர் பலமான ஊசி எழுதினார். அவர் சொல்லாமலே, படிவத்தில் நீர் எரிச்சல் உண்டு என்று டிக் போட்டது நான்தான். ஊசி போட்ட பதினான்கு நாளும் அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கூடப் போனேன். கூட வந்தது யார் என்று நர்ஸ் கேட்டபோது, "நம்ம பையன்தான்," என்றார் டீச்சர். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சௌம்யாவுக்கு ஊசியைப் பாதியில் நிறுத்தினார்கள். கிருமி இல்லாதவளுக்கு அது எதற்கு? மாற்றி ஒட்டிய மூன்றாவது வாரம், பாட்டிலைக் கொடுத்துவிட்டு, "அண்ணா, சரியாயிடுச்சுன்னு டாக்டர் சொன்னாங்க. ஆனா ஸ்வல்ப ஜுரம் இருக்கு, முதுகு வலிக்குது," என்றாள்.

"ரிப்போர்ட் சுத்தமா இருக்கும்மா. மெஷின்ல உக்காந்து உக்காந்து வர்ற வலியா இருக்கும்."

படிவத்தில் தொந்தரவு ஒன்றுமில்லை என்று எழுதினேன். அன்றுதான் அவள் கதவை முழுசாகத் திறந்தாள். "உள்ள வாங்கண்ணா, ஒரு காபி குடிச்சிட்டுப் போங்க. இத்தனை நாளா உங்கள வெளியவே நிக்க வெச்சுட்டேன்."

இன்னோர் இடத்தில் எனக்காகக் காத்திருப்பார்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அன்றிலிருந்து பதினோராம் நாள் அவள் இறந்துபோனாள். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் எடுத்த ரத்தத்தையும் டீச்சர் பெயர் ஒட்டிய பாட்டில்களையும் ஆய்வகத்தில் ஒப்பிட்டிருக்கிறார்கள். இரண்டும் ஒரே ஆளுடைய கிருமி என்று வந்தது. அப்படித்தான் என்னிடம் வந்தீர்கள்.

போன செவ்வாயே டீச்சரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உங்களுக்கு முன்னால் சொன்னது அவரிடம்தான். ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தபடி தலையாட்டிக் கேட்டார், கடைசியில் ரஸ்க் தட்டை என் பக்கம் நகர்த்தினார். கோபமிருந்தால் அப்படிச் செய்வாரா? அந்த ஊசி சிலருக்குக் காதை எடுத்துவிடும் என்று படிவத்தின் பின்பக்கத்தில் அச்சிட்டிருந்தது. நான் படித்திருந்தேன். ஊசி தொடங்கிய பத்தாம் நாளிலிருந்தே அவருக்குச் சுத்தமாகக் காது கேட்பதில்லை.

எழுதிக்கொள்ளுங்கள், மாற்றி ஒட்டியது நான்தான். கையெழுத்தும் போடுகிறேன். செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் என்னை அங்கே போகவிடுங்கள் சார். பாவம், அவருக்குப் பேச்சுத்துணைக்கு என்னை விட்டால் ஆளில்லை.