சித்தப்பா கட்டிய நாண்

மத்தாப்புப் பெட்டியின் மேல் பொக்கைவாய்க் குழந்தை ஒன்று சிரிக்கிறதே, நீங்களும் பார்த்திருப்பீர்கள் சார். அதை அச்சடிப்பது என் பிரஸ்தான். குழந்தை என் அண்ணன் காசிராஜனின் மகள் பிரீத்திகா. இப்போது வளர்ந்து காலேஜ் படிக்கிறாள். பட்டாசுக் கம்பெனி அண்ணனுக்கு, லேபிள் அடிக்கிற பிரஸ் சீனிவாசகத்துக்கு என்று அப்பா பிரித்துக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் எனக்கு வருத்தமே இல்லை. லேபிள் வெடிக்காது.

இன்னொன்றும் வழிவழியாகப் பிரிந்து வந்தது. விஜயதசமி அன்று எங்கள் ஊர்ப் பொட்டலில் சாமி குதிரை வாகனத்தில் வந்து நிற்கும். எதிரே ஒரு வாழைமரத்தை நட்டு வைத்திருப்பார்கள், அதுதான் அசுரன். சாமிக்காக அம்பு விடுகிற உரிமை எங்கள் குடும்பத்துக்கு. இளையவன் ஆயுத பூஜையன்று வில்லுக்குப் புது நாண் கட்டுவான், மறுநாள் மூத்தவன் அம்பு விடுவான். விட்டவனுக்குப் பரிவட்டம், மாலை, ஊரெல்லாம் கும்பிடு. கட்டியவனுக்கு ஒரு கிண்ணம் சுண்டல். சுண்டல் நன்றாகத்தான் இருக்கும், குறை சொல்லக் கூடாது.

அண்ணன் அம்பு விடுகிற அழகை நீங்கள் பார்க்க வேண்டும். வாழைமரம் பத்தடி தள்ளித்தான் இருக்கும். அதற்கு வயிற்றை எக்கி, மூச்சைப் பிடித்து, போட்டோக்காரன் தலையாட்டும்வரை நாணை இழுத்தபடியே நிற்பார். அசுரனே அலுத்துப்போய்த் தானாக விழுந்துவிடலாம்.

2005இல் பருத்தி நாண் பட்டென்று அறுந்து, அம்பு அவர் காலடியிலேயே விழுந்தது. சாமி தூக்கி வந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். அண்ணன் மைக்கை வாங்கி, "எந் தம்பி கட்டுன நாணுய்யா. அவன் ஒட்டுற லேபிளு மாதிரித்தான் இருக்கும்" என்றார். ஊர் மறுபடி சிரித்தது. எனக்கு அவமானமாக இருந்தது. அன்றைக்குச் சுண்டல் இறங்கவில்லை.

அடுத்த வருசம் அவரே கூப்பிட்டுச் சொன்னார். "ஏலே, இந்தத் தடவை அறாத நாணாப் பாத்துக் கட்டு."

மதுரையில் வில்வித்தை சொல்லிக்கொடுக்கும் வெள்ளைத்துரை மாஸ்டரைத் தேடிப் போனேன். தாத்தா காலத்து வில், ஒரே மரத்தில் செதுக்கியது, நுனியில் வலுவுக்குக் கொம்பு, தகடு எதுவும் வைத்ததில்லை என்று விவரம் சொன்னேன். அவர் இரண்டு நூல்கண்டுகளை எடுத்து வைத்தார். ஒன்றைக் காட்டி, "பழைய வில்லுக்கு இந்த டாக்ரான்தாங்க. அம்பு விட்டதும் கொஞ்சம் இழுபட்டுக் குடுத்து அதிர்ச்சிய வாங்கிக்கிடும்" என்றார். இன்னொன்றைத் தொட்டு, "இது புது ரகம். அறவும் அறாது, இழுபடவும் செய்யாது. புது வில்லுக்குன்னே வந்தது. பழசுல கட்டுனீகன்னா அம்புட்டு அதிர்ச்சியும் மரத்துக்குப் போயி, வில்லு தெறிச்சு மூஞ்சிக்கு வந்துரும்" என்றார். நல்ல மனிதர், இரண்டு முறை சொன்னார். நானும் கவனமாகக் கேட்டுக்கொண்டு, புது ரகத்தை வாங்கினேன்.

அண்ணன் அறாத நாண்தானே கேட்டார். நூல் மெல்லிசாக இருந்ததால் அவர் சந்தேகப்படாமல் இருக்க மேலே பருத்தி நூல் சுற்றி மஞ்சள் தடவினேன். பார்க்க லட்சணமாக இருந்தது. வில் உடையலாம், உடையாமலும் போகலாம். அதைச் சாமியின் பொறுப்பில் விட்டுவிட்டேன்.

பொட்டலில் வைத்து அண்ணன் மைக்கைப் பிடித்தார். தோள்பட்டையில் பிடிப்பாம், இந்த வருசம் பிரீத்திகா விடுவாளாம். உண்மையைச் சொல்கிறேன் சார், எனக்கு அப்போது பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. அவருக்கு அடுத்த உரிமைக்காரன் நான் பக்கத்திலேயே நிற்கிறேன்.

கோயில் கமிட்டித் தலைவர் சோலைச்சாமிக்கும் மனசு ஒப்பவில்லை. "பொம்பளப் பிள்ளை விடுறது வழக்கமில்லையேப்பா. சீனிவாசகம், நீங்க என்ன சொல்றீக?" என்றார்.

பொட்டலில் இருந்த அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியது. என் பேச்சை ஊர் கேட்டு நின்றது அதுதான் முதல் தடவை. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வில் வீட்டுக்குத் திரும்பியிருக்கும்.

"காலம் மாறிப்போச்சுங்க. பிள்ளை விடட்டும்" என்றேன்.

பெண்கள் பக்கமிருந்து விசில் பறந்தது. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

பிரீத்திகா என் கையிலிருந்து வில்லை வாங்கும்போது, "சித்தப்பா, போன வருசம் மாதிரி அந்துறாதுல்ல?" என்று கேட்டாள்.

"அறாதும்மா" என்றேன். நான் பொய் சொல்கிறவன் இல்லை. நாண் அறவில்லை, இன்றைக்கும் முழுசாக இருக்கிறது. வில்தான் இரண்டாகப் போனது. மேல்துண்டு அவளுடைய வலது கண்ணில் பாய்ந்தது.

காரில் அவளை மடியில் கிடத்தி மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது நான்தான். பார்வை திரும்பாது என்று டாக்டர் சொன்னபோது அண்ணன் என் தோளில் சாய்ந்து அழுதார். நானும் அழுதேன், நிஜமாகவே அழுதேன். வில் பழசு, உள்ளுக்குள் உளுத்திருக்கும் என்று ஊரே பேசி முடித்துவிட்டது.

தாத்தா செய்ய வைத்தது இரண்டு வில். இந்த வருசம் அண்ணன் அந்த ஜோடி வில்லை இறக்கி எண்ணெய் போட்டார். இனி நீயே விடுலே என்று சொல்வார் என்று காத்திருந்தேன். பிரீத்திகா இடது கண்ணை வைத்துப் பழகிவிட்டாளாம், அவளே விடப்போகிறாளாம். "சித்தப்பா கட்டிக் குடுத்தாத்தான் விடுவேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். சரிம்மா என்றேன்.

இன்று காலையில் வெள்ளைத்துரை மாஸ்டரிடம் போனேன். எங்கள் வீட்டில் நடந்தது அவருக்குத் தெரியாது. அதே இரண்டு கண்டுகளை வைத்து, அதே பாடத்தைச் சொன்னார். நானும் கேட்டுக்கொண்டு, ஒரு கண்டை வாங்கிப் பையில் போட்டேன். பஸ் திருமங்கலம் தாண்டியதும் பையைத் திறந்து பார்த்தேன். புது ரகம்தான் இருந்தது. வீட்டுக்குப் போகாமல் நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன்.

பையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் சார். என்னை உள்ளே போட்டால் நாண் கட்ட வேறு ஆள் பார்ப்பார்கள், அவளுக்கு அந்த ஒரு கண்ணாவது தங்கும். இதையும் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்: பிள்ளை மேல் பாசம் இல்லாத சித்தப்பா இவ்வளவு தூரம் வந்து சொல்வானா?