பச்சை மூடி போட்ட டயர்

கௌரி: காத்து இல்லீங்க பாய். நான் கேட்டது நைட்ரஜன். டயரு வால்வுல பச்ச மூடி மாட்டி உடுவீங்களே, அது.

இப்ராஹிம்: அதெல்லாம் நிறுத்தியாச்சு கௌரி. மெசினு மேல சாக்கு போட்டு மூடிக் கெடக்குது பாரு.

கௌரி: எப்பருந்துங்க?

இப்ராஹிம்: ...ரபியா போனதுலருந்து. இப்ப எந்த வண்டிக்குக் கேக்கற? உங்க வண்டிதான் நொறுங்கி ஸ்டேசன் வாசல்ல கெடக்குதே.

கௌரி: வண்டிக்கில்லீங்க. தெரிஞ்சுக்கத்தான். அது நல்லதுங்களா, இல்லீங்களா?

இப்ராஹிம்: பத்து மாசம் கழிச்சு இதக் கேக்கறதுக்கா தலைச்சோலையிலருந்து பஸ் ஏறி வந்த?

கௌரி: நாளைக்கு சேலத்துல கேசுங்க. எங்கூட்டுக்காரரு ஜட்ஜய்யாகிட்ட, தப்பு என்னுதுதான்னு ஒத்துக்கப் போறேங்கறாரு. எவ்வளவு சொல்லியும் கேக்கலீங்க. உள்ள வெச்சுருவாங்களாம் பாய்.

இப்ராஹிம்: வெக்கட்டும்.

கௌரி: பாய்...

இப்ராஹிம்: பின்ன? கண்ணாஸ்பத்திரிக்குன்னு ரபியாவக் கூட்டிட்டுப் போனான். சாயங்காலம் பொணமாத்தான வந்தா! காச்சலோட எவனாவது மலை எறங்குவானா? கண்ணு ரெண்டும் செவந்து கெடந்துச்சு அவனுக்கு. நான் அப்பவே சொன்னேன், இன்னொரு நாளைக்குப் போலாம்டான்னு. "கௌரி கூட வருதுங்க, ஒண்ணும் பயமில்ல"ன்னு சிரிச்சான்.

கௌரி: டயரு வெடிச்சதுக்குக் காச்சல் என்னங்க பண்ணும்? வக்கீல் சொல்றாரு... ஓட்டுனவங்க மேல தப்பில்ல, டயரு வெடிச்சதுதான் காரணம்னு டயர் கடைக்காரரே வந்து சொன்னா கேசு நிக்காதாம்.

இப்ராஹிம்: எம்பொஞ்சாதி செத்த கேசுல நான் போயி அவனுக்கு சாட்சி சொல்லணும்? நல்லா இருக்குது அம்மணி உன்ற நாயம்!

கௌரி: கேக்கக் கூடாதுதான். நாக்கு கூசுது. சேர்வராயன் கோயில் வாசல்ல அழுதுட்டுத்தாங்க வந்தேன். வேற யார்கிட்டப் போவேன்? அந்த டயருக்குள்ள என்ன இருந்துச்சுன்னு உங்களுக்குத்தான தெரியும்.

இப்ராஹிம்: என்ன இருந்துச்சு... காத்துதான்.

கௌரி: அப்ப நைட்ரஜன்னு சொல்லிட்டு...

இப்ராஹிம்: ஏமாத்தலம்மா! நைட்ரஜன்தான் உட்டேன். நாம மூச்சு வாங்கற காத்துலயே முக்காலுக்கு மேல அதுதான். மிச்சத்தையும் மெசின்ல வடிகட்டிட்டா பச்ச மூடி. அவ்ளோதான் சங்கதி.

கௌரி: அப்பறம் எதுக்குங்க அத மாட்டச் சொல்றாங்க?

இப்ராஹிம்: ஈரம் இருக்காது. சாதா காத்தவிட கொஞ்சம் மெதுவா எறங்கும். ஏரோப்ளேனுக்கு, ரேஸ் வண்டிக்குன்னா சரி. ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் போயிட்டு வர்ற வாடகைக் காருக்கு... மாசம் ரெண்டு தடவ காத்துப் பாத்தாலே போதும். அதப் பாக்காம உட்டா எதப் போட்டும் பிரயோசனமில்ல.

கௌரி: ஆணி குத்துனா?

இப்ராஹிம்: ஆணிக்கு எந்தக் காத்தா இருந்தா என்ன? ரெண்டும் எறங்கத்தான் செய்யும். எறங்குன டயரோட மலையில போனா சூடேறி வெடிக்கும். அன்னைக்கு நடந்தது அதுதான்... ஏன் அழுவற?

கௌரி: அழுவலீங்க. பனி மூஞ்சில அடிக்குது.

இப்ராஹிம்: உள்ள வந்து உக்காரு. டீ சொல்லட்டுமா?

கௌரி: வேண்டாங்க... மின்னெல்லாம் அவுரு தெனமும் காலையில ஸ்பானரால நாலு டயரையும் தட்டிப் பாப்பாருங்க. டங்குன்னு சத்தம் வரணும். தொப்புன்னு கேட்டா உடனே உங்ககிட்ட ஓடியாந்துருவாரு.

இப்ராஹிம்: தெரியுமே. கோழி கூவறதுக்கு மின்னால டங்கு டங்குன்னு... உங்க தெருவே வையுமாம் அவன.

கௌரி: நானும் நொம்ப வஞ்சிருக்கேன். பச்ச மூடி மாட்டுன பொறவு தட்டறதே இல்லீங்க.

இப்ராஹிம்: ...அதும் தெரியும்.

கௌரி: அது எப்படிங்க தெரியும்?

இப்ராஹிம்: உடு கௌரி.

கௌரி: சொல்லுங்க பாய். எப்படித் தெரியும்?

இப்ராஹிம்: நாந்தான சொன்னேன்! இதே எடத்துல நின்னு. "ஏன்டா பிரபாகரா, இன்னும் எதுக்கு ஸ்பானரத் தூக்கிட்டுத் திரியற? பச்ச மூடி போட்டாச்சு. மூணு மாசத்துக்கு டயரத் திரும்பியே பாக்க வேண்டாம், ஒண்ணும் ஆவாது"ன்னு. மெசினு விக்க வந்தவன் எங்கிட்ட சொன்னத, நான் வர்றவன் போறவன் எல்லார்கிட்டயும் ஒப்பிச்சேன். அன்னைக்குக் கார் இதே கடை முன்னால கால் மணி நேரம் நின்னுச்சு கௌரி. முப்பது வருசமா டயரப் பாத்தவன் நான். எம்பொஞ்சாதி ஏறப் போற வண்டி. ஒரு தடவ குனிஞ்சு பாக்கல. பச்ச மூடி கண்ணுல பட்டுச்சு, போதும்னு உட்டுட்டேன்.

கௌரி: போலீசு கேட்டப்ப இத நீங்க சொல்லலியே...

இப்ராஹிம்: எப்படிச் சொல்லுவேன்? எம்மக பர்ஹானா மூஞ்சில முழிக்கணுமே. "அத்தா, அம்மா எப்படிப் போச்சு"ன்னு கேட்டா. "அந்தப் பிரபாகரு பய கவனமில்லாம ஓட்டிக் கொன்னுட்டான்"னேன். பத்து மாசமா அதையேதான் சொல்றேன். ரபியாவ அடக்கம் பண்ணுன கபருஸ்தானுக்கு அவன் வந்து நின்னப்பகூட, நாலு பேரு முன்னால அசிங்கமா வஞ்சு வெரட்டி உட்டேன். பதிலுக்கு ஒரு வார்த்த பேசல. தலையத் தொங்கப் போட்டுட்டுப் போனான்.

கௌரி: அவுரு பேச மாட்டாருங்க.

இப்ராஹிம்: பாவி நான்... சரி, நாளைக்கு எத்தன மணிக்கு?

கௌரி: என்னதுங்க?

இப்ராஹிம்: கோர்ட்டு. நான் வாரேன். கூண்டுல ஏறிச் சொல்றேன். ஓட்டுனவன் மேல தப்பில்ல, காத்தப் பாக்க வேண்டாம்னு சொன்ன எம்மேலதான்னு. பர்ஹானாவையும் கூட்டியாந்து அவ முன்னாலயே சொல்றேன். போதுமா? இதுக்குத்தான வந்த?

கௌரி: இதுக்குத்தாங்க வந்தேன். இந்த ஒரு வார்த்தைய உங்க வாயால கேட்டுட்டா எனக்கும் தூக்கம் வரும்னு நெனச்சேன்.

இப்ராஹிம்: அப்பறம் என்ன? நேரத்துக்கு வந்துருவேன்னு அவன்கிட்டப் போயி சொல்லு. மாப்பு கேட்டேன்னு சொல்லு... இன்னும் ஏன் நிக்கற?

கௌரி: முடியலீங்க பாய்.

இப்ராஹிம்: என்ன முடியல? காச்சலோட ஸ்டேரிங்கப் புடிச்சான் பாரு, அது ஒண்ணுதான் அவன் பண்ணுன தப்பு. அத நான் சொல்ல மாட்டேன், போ.

கௌரி: அவுரு புடிக்கலீங்க. உங்க கடையத் தாண்டி மொத வளைவு வரதுக்குள்ளயே கண்ணு இருட்டுதுன்னு பக்கத்து சீட்டுக்கு மாறித் தூங்கிட்டாரு. எனக்கு லைசென்சு இல்ல, பழகி நாலு மாசந்தான்... அதுக்குத்தான் பழிய அவுரு ஏத்துக்கிட்டாரு. பாதி மலையில ஸ்டேரிங் எடப்பக்கமா இழுத்துச்சுங்க. ரபியாக்கா பின்னாலருந்து, "வண்டி ஒரு மாதிரியாப் போவுது, ஓரமா நிறுத்திப் பாரு கண்ணு"ன்னாங்க. "பச்ச மூடிக்கா, பாய் போட்டது, ஒண்ணும் ஆவாது"ன்னு சொல்லிட்டு, நிறுத்தாம ஓட்டுனது நாந்தாங்க.