தலைக்கு ஊற்ற ஒரு குடம்

ஒரு வண்டியைக் கழுவ நாலு குடம் தண்ணீர் போதும் என்று சொல்பவர்கள் யாரும் குடம் தூக்கியவர்களாக இருக்க மாட்டார்கள். என் வீட்டுக்காரர் ஜெப்சன் அப்படிச் சொல்பவர்தான். நாலு என்பார், ஆறு ஆகும், அப்புறம் டயருக்கென்று தனியாக ஒன்று கேட்பார். இதையெல்லாம் எழுதிக்கொள்ள வேண்டுமா என்று நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், இன்ஸ்பெக்டர் மேடம். தண்ணீரில் ஆரம்பிக்காமல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அவர் அடித்தாரா, குடித்தாரா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். இரண்டும் இல்லை. எஸ்டேட்டில் ஜீப் ஓட்டுகிறார், ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்குத் தவறமாட்டார், யாரையும் மரியாதை இல்லாமல் பேசமாட்டார். நல்ல மனுஷன் என்று எங்கள் செம்மநத்தம் ஊரே சொல்லும். நானும் சொல்வேன். அந்த எஸ்டேட் ஜீப்பை அவர் ஒரு நாளும் கழுவியதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

சொந்த வண்டி வேறு. சனிக்கிழமை காலையில் டீ குடித்ததும் அதை வாசலுக்குத் தள்ளி வருவார். பெரிய பைக், கருப்பு. இரண்டு பக்கெட் வைக்க வேண்டும். ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் துணியை அலச வெறும் தண்ணீர். ஒரே பக்கெட்டில் துணியை முக்கினால் மண் ஒட்டிக்கொண்டு பெயிண்டில் கோடு விழுமாம். போனில் பார்த்துக் கற்றுக்கொண்டது. டேங்குக்கு ஒரு துணி, சக்கரத்துக்கு ஒரு துணி, துடைக்க ஒரு துணி. செயினுக்குப் பழைய டூத் பிரஷ். காய்ந்த பிறகு டேங்குக்கு மெழுகு. கடைசியில் சீட்டுக்கும் டயரின் ஓரத்துக்கும் பாலிஷ், அதை டப்பாவிலிருந்து பீச்சித் துடைக்க வேண்டும். எல்லாம் எனக்கும் தெரியும். பக்கத்தில் நின்று துணி எடுத்துக் கொடுப்பவள் நான்தானே.

ஷாம்பு என்று சொன்னேன் இல்லையா. வண்டிக்கு வாரம் தவறாமல் ஷாம்பு. இந்தக் கோடையில் என் தலைக்குச் சீயக்காய் போட்டுக் குளிக்கத் தண்ணீர் இல்லை.

மழை பொய்த்து பங்குனியிலேயே பஞ்சாயத்துக் குழாய் நின்றுவிட்டது. அதற்கப்புறம் கீழே ஓடையில் இருக்கும் ஊற்றுதான். காப்பித் தோட்டத்துக்குள் இறங்கிப்போய், கொட்டாங்குச்சியில் மொண்டு மொண்டு குடத்தை நிரப்பி, இடுப்பில் வைத்துக்கொண்டு ஏற வேண்டும். இறங்குவது சுலபம். ஏறும்போது நெஞ்சு அடைக்கும். அப்படிக் கொண்டுவந்த தண்ணீர் டயரில் வழிந்து வாசலைத் தாண்டிப் போவதை வாரம் தோறும் நின்று பார்க்க வேண்டும். வயிறு எரியும், மேடம். வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

கேட்காமல் இல்லை. நயமாகத்தான் கேட்டேன்.

"ஏனுங்க, எஸ்டேட்டுலதான் பெரிய தொட்டி இருக்குதில்லீங்க. அங்க கொண்டுபோயி கழுவிக்கக் கூடாதுங்களா?"

"அந்தத் தண்ணி செம்மண்ணு செல்வி. காஞ்சா டேங்குல புள்ளி புள்ளியா நிக்கும். ஊத்துத் தண்ணி மாதிரி வராது."

"நான் தலைக்கு ஊத்தி எத்தன நாளாச்சுன்னு தெரியுங்களா?"

"அடுத்த வாரம் ஊத்திக்கலாம் கண்ணு. மழ வந்துரும்."

கண்ணு என்றுதான் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தாலாவது நானும் கோபப்பட்டிருப்பேன். சிரித்துக்கொண்டே சொல்பவரிடம் என்னத்தைச் சண்டை போடுவது? அடுத்த வாரமும் அதையே சொன்னார். அதற்கடுத்த வாரமும்.

உயிர்ப்பு ஞாயிறு கழிந்து ஒரு பூசையன்று, எல்லோரும் கோயில் வாசலில் நின்றிருந்தோம். ஈவ்லின் டீச்சர் வண்டியைக் குனிந்து பார்த்து, "ஜெப்சன் வண்டியில மூஞ்சியே பாக்கலாமுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரருக்கு முகமெல்லாம் பூரிப்பு. அப்புறம் டீச்சர் என் பக்கம் திரும்பி, காதோடு, "ஏஞ் செல்வி, தலைக்கு ஊத்தறதில்லயா? நொம்ப வாட அடிக்குது" என்றார். நல்லதுக்குத்தான் சொன்னார். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன். வீடு வரைக்கும் என் வீட்டுக்காரர் முதுகுக்குப் பின்னால் அந்த வண்டியில்தான் உட்கார்ந்து வந்தேன். காற்றில் முக்காடு விலகாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு வந்தேன். அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. அது அப்புறம் இறங்கவே இல்லை.

ஷெர்லினைப் பற்றிக் கேட்டீர்கள். அவள் அவருடைய தங்கை. எங்களோடுதான் இருந்தாள். ஒண்டிக்கடை என்கிற முக்கில் ஒரு தைலக்கடையில் வேலை. காலையில் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் என்னோடு ஊற்றுக்கு வருவாள். வீட்டில் குடம் தூக்கிய இன்னொரு ஆள் அவள்தான். மேட்டில் நான் நின்றுவிட்டால் தன் குடத்தை மேலே வைத்துவிட்டு இறங்கி வந்து என்னுடையதையும் வாங்கிக்கொள்வாள். "உக்காருங்க அண்ணி, மூச்சு வாங்குது உங்களுக்கு" என்பாள். அவள்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தச் சனிக்கிழமை அவர் வழக்கம்போலக் கழுவினார். இருந்ததெல்லாம் தீர்ந்தது. "செல்வி, டயருக்கு ஒண்ணு கொண்டா" என்றார். உலைக்கு வைத்திருந்ததைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்குமேல் வீட்டில் இருந்தது ஒரே ஒரு குடம். அரிசி டிரம்முக்குப் பின்னால், சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தது. அது என் தலைக்கு. அவர் கிளம்பிப் போனதும் ஊற்றிக்கொள்வதாக இருந்தேன்.

மெழுகு போட்டு முடித்ததும், "பாலிஷ நீயே போட்டுரு, நான் சட்ட மாத்திட்டு வந்தர்றேன்" என்று உள்ளே போனார்.

பிரேக் தட்டில் எண்ணெய் மாதிரி ஏதோ இருந்ததாக மெக்கானிக் சொன்னார் என்றீர்கள். எண்ணெய் இல்லை. அந்த சீட்டுப் பாலிஷ்தான். சக்கரத்தோடு சுற்றும் அந்த இரும்புத் தட்டில் அது பட்டால் பிரேக் பிடிக்காது என்று அவரேதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். ஒவ்வொரு வாரமும் சொல்வார். "அங்க மட்டும் படக்கூடாது செல்வி, வழுக்கிட்டுப் போயிரும்." முன்சக்கரத்தில் பீச்சினேன், பின்சக்கரத்திலும் பீச்சினேன். வடிந்து தெரியக்கூடாது என்று துணியால் மெதுவாக ஒற்றி எடுத்தேன். நன்றாகத்தான் செய்தேன்.

எங்கள் வீட்டிலிருந்து தார் ரோடு வரைக்கும் மேடு. அதுவரை பிரேக் தேவைப்படாது. அப்புறம் ஒரே இறக்கம். பெட்ரோல் மிச்சம் என்று அவர் அங்கே கியரை எடுத்துவிட்டுத்தான் விடுவார். கீழே திருப்பத்தில் சில்வர் ஓக் மரம் நிற்கிறது. அதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. வண்டி நசுங்கிப்போனால் போதும் என்றுதான் நினைத்தேன், மேடம். வண்டிக்கு மேலே ஆள் உட்கார்ந்திருப்பார் என்று தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். ஆனால் நான் நினைத்தது வண்டியை.

ஆஸ்பத்திரியில் அவருக்கு நினைவு வந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். வண்டி என்ன ஆச்சு என்றுதான் முதலில் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர், "ஷெர்லின் எங்க?" என்று கேட்டார். அடக்கம் ஆகிவிட்டது என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கப்புறம் அவர் வண்டியைப் பற்றிக் கேட்கவே இல்லை. அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

அவள் அந்த வண்டியில் போவாள் என்று எனக்குத் தெரியாது என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். அது பாதி உண்மை. பாலிஷ் போடும்போது தெரியாது. மினிபஸ் வழக்கமாக அவளை ஏற்றிக்கொள்ளும். அன்றைக்கு முன்னாலேயே போய்விட்டது. ரோட்டிலிருந்து திரும்பி ஓடிவந்தாள். "அண்ணா, என்னைக் கடையில உட்டுரு" என்று பின்னால் ஏறினாள். அவர் உடனே கிளம்பவில்லை. கண்ணாடியில் ஒரு புள்ளி தெரிந்தது, சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் கையில் துணியோடு அங்கேயே நின்றிருந்தேன். ஷெர்லின், இறங்கு என்றால் இறங்கியிருப்பாள். ஏன் என்றுகூடக் கேட்டிருக்க மாட்டாள். பிரேக்கில் பாலிஷ் பட்டுவிட்டது, கை தவறிவிட்டது என்று அவரிடம் சொல்லியிருந்தால், அவரும் திட்டியிருக்க மாட்டார். சிரித்திருப்பார். "பரவால்ல கண்ணு, ஒரு குடம் கொண்டா, கழுவிரலாம்" என்றிருப்பார்.

அதுதான், மேடம். ஒரு குடம் கொண்டா என்றிருப்பார்.

வண்டி நகரும்போது ஷெர்லின் திரும்பி என்னைப் பார்த்தாள். அண்ணனுக்குத் தெரியாமல் தன் தலையைத் தொட்டுக் காட்டிச் சிரித்தாள். விடியற்காலையில் நான் எழுவதற்கு முன்னால் அவள் மட்டும் தனியாக ஊற்றுக்குப் போய், வீட்டில் மிச்சமிருந்த அந்த ஒரு குடத்தைக் கொண்டுவந்து டிரம்முக்குப் பின்னால் வைத்திருந்தாள். "அண்ணங் கண்ணுல காட்டிராதீங்க அண்ணி. இன்னிக்காச்சும் தலைக்கு ஊத்திக்குங்க" என்று சொல்லியிருந்தாள்.

எனக்காக அவள் தூக்கி வந்த தண்ணீர். அதை எடுத்து வண்டிக்கு ஊற்ற எனக்கு மனசு வரவில்லை.