பாதி நாக்கு

— அத அழிச்சிடு, விஜயா.

— என்னாங்க அழிக்கிறது? கிளினிக்கில பேச்சுப் பயிற்சி குடுக்கிற ஷாமிளா மிஸ் சொல்லிக் குடுத்த மாதிரியே போன்ல வீடியோ செஞ்சிருக்கேன். நீங்க ரப்பர் பால் வெட்டுற போட்டோ, நம்ம கல்யாணப் போட்டோ, வார்டுல படுத்திருந்த போட்டோ. ஒங்க கதய நானே வாசிச்சு ரெக்கோட் பண்ணிட்டேன். ஒரு எடத்துல தடுமாறல.

— என் கத. என் கொரல்லதான் போகணும்.

— கோச்சுக்காதீங்க. கேன்சர்னு பாதி நாக்க வெட்டி எடுத்திருக்காங்க. நீங்க பேசுறது எனக்கு வெளங்கும், கூட இருக்கிறவ. வாட்ஸ்அப் குரூப்புல உள்ள மத்த நோயாளிங்களுக்கு வெளங்குமா?

— வெளங்குற வரைக்கும் வெளங்கட்டும்.

— அன்னைக்குக் கடையில காலைச் சாப்பாட்டுக்குப் பாண் கேட்டீங்க, அந்தக் கடைக்காரன் சிரிச்சான். வீட்டுக்கு வந்து சாப்பாடே வேணாம்னு படுத்துட்டீங்க. இவங்களும் சிரிச்சா?

— சிரிச்சிட்டுப் போறாங்க.

— ஏங்க இம்புட்டுப் பிடிவாதம்?

— ஜமால்தீனுக்காக.

— யாரு, வரக்காப்பொலயில துணிக்கட வச்சிருக்காரே, அந்த ஜமால்தீன் நானாவா?

— அவரும் அந்தக் குரூப்புலதான் இருக்காரு, அவருக்கும் நாக்குலதான் கேன்சர். வெட்டணும்னு டொக்டர் சொல்லியாச்சு. மாட்டேங்கிறாரு. பேசித்தான் யாவாரம், ஊமையா இருந்து என்ன செய்யன்னு கேக்குறாரு.

— அதுக்கு?

— ஒன் கொரல்ல போனா என்னா நெனப்பாரு? அழகமுத்துவுக்குப் பேச்சே போச்சு, பொண்டாட்டி பேசுறான்னுதானே?

— இருங்க, மூக்கத் தொடச்சிக்கிறேன்.

— என்னா, அழுவுறியா?

— அழுவல. இந்தா, அழிச்சிட்டேன். இப்ப சொல்லுங்க. மெதுவா.

— என் பேரு அழகமுத்து. வெத்தல போட்டுப் போட்டு வாயில புண்ணு வந்துச்சு. வெட்டணும்னாங்க. நானும் பயந்தேன்…

— இருங்க, எச்சி வடியுது. தொடச்சிட்டு மறுபடி சொல்லுங்க.

— வேணாம். அப்பிடியே போகட்டும். நிறுத்தாத. ஜமால்தீன், வெட்டின புதுசுல ஒரு சத்தமும் வரல. இப்ப பாருங்க, பொண்டாட்டியோட சண்டையே போடுறேன்.

— ஐயோ, அதையும் சொல்லணுமா?

— அனுப்பு.

— அனுப்பிட்டேன்… நீல டிக் விழுந்துருச்சு, ஜமால்தீன் நானா கேட்டுட்டாரு போல. என்னா சொல்வாரோ?

— பொறு.

— வொய்ஸ் அனுப்பியிருக்காரு! போடுறேன், கேளுங்க.

— "அழகமுத்து அண்ணன், ரெண்டு தரம் போட்டுக் கேட்டன். பாதி வெளங்கல்ல. பரவாயில்ல, பொஞ்சாதியோட சண்ட பிடிக்க நாக்கு மிஞ்சுமெண்டா எனக்கு அது போதும். நாளைக்கே டொக்டர்ட்ட சொல்றன், வெட்டச் சொல்லி."