கோட்டின் உட்புறம்

— குண்டூசியை வாயில வச்சுக்கிட்டுப் பேசாதக்கா. முழுங்கித் தொலைக்கப் போற.

— பேச வைக்கிறது யாரு? கடைசிக் கோட்டு மேடை ஏறப் போற நேரத்துல வந்து, நாளையிலேருந்து வரமாட்டேன்னா என்னடா அர்த்தம்?

— அதுதான் அர்த்தம். இந்த ஃபேஷன் ஷோ முடிஞ்சதும் நான் கிளம்புறேன்.

— இங்க பாரு, உனக்கு நான் என்ன குறை வச்சேன்?

— ஆறு மாசமா பட்டுத்துணியில கண்ணு பூத்துப்போக வரைஞ்சிருக்கேன். அலை, கொக்கு, மூங்கில். நீ அதைக் கொண்டுபோய் கோட்டுக்கு லைனிங்கா வச்சுத் தைச்சுட்ட. வெளிய வெறும் கறுப்பு. போட்டுக்கிறவனே குனிஞ்சு பார்த்தாத்தான் உண்டு.

— அந்தக் கால ஜப்பான்ல அப்படித்தான்டா. வியாபாரிங்க பகட்டா உடுத்தக்கூடாதுன்னு சட்டம். ஆம்பளைங்க அழகையெல்லாம் உள்பக்கம் ஒளிச்சு வச்சுக்கிட்டாங்க. நம்ம ஷோவே அதை வச்சுத்தானே?

— அவங்களைச் சட்டம் தடுத்துச்சு. என்னை? வெட்டுறது நீ, தைக்கிறது நீ, கைதட்டு வாங்குறதும் நீ. நான் குடத்துக்குள்ள வச்ச விளக்கு.

— ம்.

— என்ன ம்?

— நீ சொல்றதும் நியாயம்தான். அதான், கடைசிக் கோட்டை மட்டும் உள்பக்கம் வெளிய தெரியிற மாதிரி திருப்பிப் போட்டுக்கிட்டுப் போகணும்னு மாடல் பையன்கிட்ட சொல்லிட்டேன்.

— எது, கொக்கு வரைஞ்சதா?

— அதேதான்.

— ஐயையோ! நிறுத்துக்கா, நிறுத்து!

— யாரும் பார்க்கலேன்னு இப்பத்தானே மூக்கால அழுத?

— கொக்குக்குப் பக்கத்துல நிறைய இடம் காலியா விட்டிருந்தேன்ல? நீ தைச்சு வச்ச அப்புறம், கோபத்துல, யாரு பார்க்கப் போறாங்கன்னு... அந்த ஊர்ப் பழைய படங்கள்ல மிருகங்க மனுஷங்க மாதிரி கூத்தடிக்குமே, அந்த மாதிரி வரைஞ்சுட்டேன். கழுத்துல இன்ச் டேப்பு போட்ட ஒரு நரி, தவளை முதுகுல ஏறிச் சவாரி போகுது.

— தவளை யாரு?

— நான். நரி யாருன்னு கேக்காதக்கா.

— சத்தம் கேக்குதா? ஹாலே சிரிக்குது.

— அந்தப் பையன் மேடைக்குப் போயிட்டானா? ஐயோ, ஊர் முன்னாடி உன் மானத்தை வாங்கிட்டேனே! தெரிஞ்சிருந்தா நீ திருப்பியிருக்கவே மாட்ட.

— தெரியும்டா. நேத்து இஸ்திரி போடும்போதே பார்த்தேன். அந்தத் தவளைக்கு எப்படி மூச்சு வாங்குதுன்னு பார்த்த அப்புறம்தான் திருப்பச் சொன்னேன்.