கழுத்தளவுத் தண்ணிப் பேச்சு

இந்தக் கண்மாய்க்கரைப் பனையெல்லாம் இளசா, வடலியா நின்ன காலத்துல, ஈச்சங்குடியில ராக்குன்னு ஒருத்தி இருந்தாளாம். வாக்கப்பட்டது இந்தக் கரை ஈச்சங்குடி. பொறந்தது அந்தக் கரை புல்வயல். எங்க வீட்டுக்காரர் வம்சத்துக்கே அவதான் மூத்தவ.

அந்த வருசம் மழை ஏமாத்திருச்சாம். ரெண்டு ஊருக்கும் சேத்து மடைப் பள்ளத்துல மட்டும் கழுத்தளவு தண்ணி. ராக்கு புருசன் கருப்பணன், ஆள் அசந்த நேரமாப் பாத்து தன் ஊர் வயலுக்கு மடையைத் திறந்துட்டானாம். புல்வயல்காரங்க பிடிச்சுக் கட்டிப்போட்டுட்டாங்க.

ஈச்சங்குடித் தலைவர் விருமன் அம்பலம், அவளுக்கு மாமனார். புல்வயல் தலைவர் சாத்தையா அம்பலம், கூடப்பொறந்த அண்ணன். ரெண்டு பேரும் கரையில நின்னு பேசுவாங்களாம்.

"மகனை விட்டுருப்பா, தண்ணியைப் பங்கு வச்சுக்கலாம்"னு மாமனார் தணிவாத்தான் ஆரம்பிப்பாராம்.

பின்னாடி ஒருத்தன், "என்ன அம்பலம், கெஞ்சுறீங்களா?"ம்பானாம்.

அவ்வளவுதான், கை மீசைக்குப் போயிரும். "விடலைன்னா புல்வயல்ல ஒரு அடுப்பு எரியாது!"

ஈச்சங்குடிப் பொம்பளைங்க குலவை போடுவாங்க. அண்ணன்காரன் சும்மா இருப்பாரா? "வாய்யா பெருசு! உம் மகன் தலை மடைக்கல்லுல உருளும்!" அங்கேயும் குலவை. பேச்சு முறிஞ்சிரும். மறுநாளும் அதே பேச்சு, அதே மீசை, அதே குலவை.

ராக்குவும் குலவை போட்டவதானாம். புருசன் தலைன்னு கேட்டதும் நாக்கு ஒட்டிக்கிச்சாம்.

ரெண்டு ஊர்லயும் ஈட்டி தீட்டுற சத்தம். அவளுக்கு இருப்புக் கொள்ளலை. உலை வைப்பாளாம், இறக்குவாளாம். வாசலுக்குப் போவாளாம், வருவாளாம். பிள்ளைக்குப் பால் குடுக்க உக்காந்தா, பாதியிலயே எந்திரிச்சிருவாளாம்.

கடைசிப் பேச்சுன்னு ஊரே ஈட்டியோட கூடுச்சாம். ராக்கு பிள்ளையைத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு மடைப் பள்ளத்துல இறங்கிட்டாளாம். கழுத்து வரைக்கும் தண்ணி.

"அடியே, பிள்ளையக் கொண்டா!"ன்னு மாமனார் பாய்ஞ்சாராம். "ஆத்தா ராக்கு!"ன்னு அண்ணனும் குதிச்சாராம்.

பிள்ளையை ரெண்டு பேர் கையிலயும் குடுத்தாளாம். "ஆளுக்கொரு பக்கம் தாங்குங்க. மாமா, உங்க பேரன். அண்ணே, உன் மருமகன். கரையில நின்னா நீங்களா பேசுறீங்க? ஊருல்ல பேசுது! இங்க பேசுங்க."

மீசையை முறுக்கக் கை இல்லை. கத்தினா வாய்க்குள்ள தண்ணி. கரையிலிருந்து "என்ன பேசுறீங்க? கேக்கலை!"ன்னு கூச்சலாம். கேக்காததுதான் நல்லதாப்போச்சு.

நடுங்கிக்கிட்டே மேல வந்தாங்களாம். பகல் தண்ணி புல்வயலுக்கு, ராத் தண்ணி ஈச்சங்குடிக்கு. கருப்பணன் கட்டு அவுந்துச்சு. முதல்ல யாரு விட்டுக்குடுத்தாங்கன்னு இன்னை வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது.

அதனாலதான் அந்தப் பள்ளத்துக்கு ராக்கு துறைன்னு பேரு. இப்பவும் தண்ணிப் பேச்சுன்னா, ரெண்டு அம்பலமும் அங்க கழுத்தளவுக்கு இறங்கித்தான் பேசணும். கண்மாய் வறண்ட வருசம், வெடிச்ச தரையில உக்காந்து, கழுத்து வரைக்கும் ஒரே போர்வையைப் போத்திக்கிட்டுப் பேசுவாங்க. பாத்தாச் சிரிப்பு வரும். சிரிக்கக் கூடாது. அவங்க எந்திரிக்கிற வரைக்கும் குலவையும் கூடாது.

நாங்க கரையில நிப்போம், நாக்கு துறுதுறுங்க, வாயைப் பொத்திக்கிட்டு.